ஓதற்பிரிவும் பொருள்வயிற்பிரிவும்: ஜெர்மனியில் பட்டம் பெறும் நம் மாணவர் பணி தேடும் நெறி

முன்னுரை

அகத்திணை மரபில் தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்கள் பலவாக வகுக்கப்பெற்றுள்ளன. கல்வி கற்கச் செல்வது ஓதற்பிரிவு. பொருள் ஈட்டச் செல்வது பொருள்வயிற்பிரிவு. கல்விக்காகப் பிரியும் காலம் மூன்றாண்டைக் கடத்தலாகாது என்றும், ஏனைய பிரிவுகள் ஓராண்டுக்குள் அடங்கவேண்டும் என்றும் தொல்காப்பியக் கற்பியல் எல்லை வகுக்கிறது. நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும் பிரிவுக்குக் காலவரையறை வேண்டும் என்பதே இவ்விதிகளின் உட்கிடை. பிரிந்து சென்றவன் குறித்த பருவத்தில் மீள்வானா என்று இல்லத்தில் இருப்போர் நாளெண்ணிக் காத்திருப்பதே சங்க அகப்பாடல்கள் பலவற்றின் பொருளாக அமைந்துள்ளது.

இக்காலத்தில் இவ்விரு பிரிவுகளும் ஒரே பயணத்தில் இணைந்துவிட்டன. வெளிநாட்டில் மேற்படிப்பை நாடும் மாணவர், படிப்பின் முடிவில் அந்நாட்டிலேயே பணி பெறுதலையும் முதலிலேயே கருதிச் செல்கின்றனர். ஆடவரேயன்றி மகளிரும் இங்ஙனம் செல்வது இக்காலம் கண்ட வளர்ச்சி. ஆயினும் கால எல்லை என்பது மட்டும் நீங்கவில்லை. அன்று அதனை இலக்கணம் வகுத்தது. இன்று செல்லும் நாட்டின் சட்டம் வகுக்கிறது.

நம் மாணவரிடையே அண்மைக்காலத்தில் மிகுதியாகப் பேசப்படும் நாடு ஜெர்மனி. 2022-2023ஆம் ஆண்டுக் குளிர்காலப் பருவத்தில் அங்குப் பயிலும் அயல்நாட்டு மாணவருள் சீனரை விஞ்சி இந்தியர் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றனர். அடுத்த ஆண்டில் அவர்தம் தொகை 49,483 ஆக உயர்ந்தது. இவ்வளவு பேர் சென்று பட்டம் பெறும் நாட்டில், பட்டத்திற்குப் பின் பணி தேடும் நெறி யாது, அதற்குத் தடையாவன எவை, அவற்றுள் இங்கிருந்தே நீக்கிக்கொள்ளத் தக்கன எவை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சபர் மரபும் இன்றைய பயணமும்

கடல் கடந்து செல்லுதல் நம் மக்களுக்குப் புதிதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து நம் முன்னோர் கீழைக்கடல் துறைமுகங்களுக்கு வணிகம் செய்யச் சென்றனர். பினாங்கில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கே வேரூன்றியமைக்குச் சான்றுகளாய் நிற்கின்றன. அவ்வணிகர் மலாய் மொழியைக் கற்றனர்; அம்மக்களின் பழக்கவழக்கங்களை அறிந்தனர்; அதன் பின்னரே கடை விரித்தனர்.

1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் வழக்கம் பெருகிற்று. நம் ஊர்களில் சபர் என்னும் சொல் பெரும்பாலும் அப்பயணத்தையே குறிக்கலாயிற்று. இப்பயணத்தின் இயல்பு வேறு. வேலை இன்னது, ஊதியம் இவ்வளவு என்பன இங்கிருந்தே முடிவாகிவிடும். முகவர் ஒருவர் இடைநின்று ஆவன செய்வார். விசா கைக்கு வந்தால் வேலையும் வந்துவிட்டதாகவே பொருள். 'விசா வந்துவிட்டதா?' என்னும் வினாவே நம் இல்லங்களில் எல்லாவற்றையும் அடக்கிய வினாவாக அரை நூற்றாண்டுக் காலம் விளங்கியுள்ளது.

ஜெர்மனிக்குச் செல்லும் மாணவர்க்கு இவ்வினா பொருந்தாது. அவர் பெறும் விசா கல்விக்கு உரியது, பணிக்கு உரியதன்று. பணியை அவரே, அந்நாட்டில், அந்நாட்டாரோடு நேரிற் பேசித் தேடிக்கொள்ளவேண்டும். எனவே அவருடைய பயணம் வளைகுடாப் பயணத்தைக் காட்டிலும் பழைய கடல்வணிகரின் பயணத்தையே பெரிதும் ஒத்தது எனலாம். இவ்வேறுபாட்டைப் பெற்றோரும் மாணவரும் முதற்கண் உணர்ந்துகொண்டால் பின்வரும் இடர்ப்பாடுகளுள் பாதி நீங்கும்.

சட்டம் தரும் காலம்

அயல்நாட்டு மாணவர் பட்டம் பெற்றபின் பணி தேடுவதற்கென்று தங்கியிருக்க ஜெர்மனி எப்பொழுதும் இடங்கொடுத்ததில்லை. 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டமே ஓராண்டு வரை தங்கிப் பணி தேடும் உரிமையை வழங்கியது. 2012இல் அக்கால அளவு பதினெட்டு மாதமாக நீட்டிக்கப்பெற்றது. அன்று முதல் அதுவே வழக்காக உள்ளது.

இப்பதினெட்டு மாதங்களின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்ளல் வேண்டும். இக்காலத்தில் வாழ்க்கைச் செலவுக்காக எவ்வகை வேலையும் செய்யலாம், சட்டம் தடுப்பதில்லை. ஆனால் நிலையாகத் தங்குவதற்குப் படிப்பால் பெற்ற தகுதிக்கேற்ற பணி கிடைத்தாகவேண்டும். பதினெட்டு மாதங்களுக்கு மேல் இவ்வனுமதி நீட்டிக்கப்படுவதில்லை. தம் செலவைத் தாமே தாங்கிக்கொள்ள இயலும் என்பதையும் மாணவர் காட்டவேண்டும். மாணவர்க்குரிய குறைந்த கட்டண மருத்துவக் காப்பீடும் படிப்பு முடிந்தவுடன் நின்றுவிடும். பின்னர்ச் செலுத்தவேண்டிய தொகை கூடுதலாகும். வருவாய் இல்லாத காலத்திலேயே செலவு மிகும் என்பதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

தக்க பணி கிடைத்தபின் வழி எளிதாகின்றது. திறன்மிகு பணியாளர்க்கான நீல அட்டை என்பது ஊதிய அளவை அடிப்படையாகக் கொண்டது. 2025ஆம் ஆண்டுக்கு அவ்வளவு ஆண்டொன்றுக்கு 48,300 யூரோவாக இருந்தது. பட்டம் பெற்று மூன்றாண்டுகள் கடவாத புதிய பட்டதாரிகளுக்கும் ஆள் பற்றாக்குறை நிலவும் துறைகளில் பணிபுரிவோர்க்கும் 43,759.80 யூரோ போதுமானதாயிற்று. இவ்வளவு ஆண்டுதோறும் திருத்தப்படும் என்பதால் செல்வோர் அவ்வாண்டுக்குரிய அளவைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், தகுதிக்கேற்ற பணியில் ஈராண்டு இருந்து, ஓய்வூதியக் காப்பீட்டுத் தொகையைச் செலுத்தி, இடைநிலை அளவில் ஜெர்மன் மொழியும் அறிந்திருப்பின், நிலையான தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

அரசுகளின் போக்கும் ஆதரவாகவே உள்ளது. 2022 டிசம்பர் 5ஆம் நாள் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு பற்றிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 2024 அக்டோபரில், இந்தியத் திறன்பணியாளர்க்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களின் எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. இத்தகைய செய்திகளைக் கேட்ட அளவில் 'ஆட்கள் இல்லாமல் தவிக்கும் நாடு அது. சென்றால் போதும், பணி உறுதி' என்று முடிவு செய்துவிடுகின்றோம். கதவைத் திறப்பது அரசு; பணியில் அமர்த்துவோர் நிறுவனத்தார். 2023, 2024 ஆகிய இரண்டாண்டுகளிலும் அந்நாட்டுப் பொருளாதாரம் வளராது சுருங்கிற்று. அத்தகைய காலத்தில் நிறுவனங்கள் புதியவர்களை எடுப்பதற்குத் தயங்குவது இயல்பு. எனவே சட்டம் தரும் பதினெட்டு மாதங்கள் வாய்ப்பேயன்றி வாக்குறுதி ஆகா.

பொருட்கணக்கு

ஜெர்மனியில் கல்வி இலவசம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. இது பெரும்பான்மை நோக்கிக் கூறும் கூற்றே. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்பிப்புக் கட்டணம் பெறுவதில்லை. பருவந்தோறும் ஒரு சிறு தொகையே பெறுகின்றன. ஆயினும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017ஆம் ஆண்டுக் குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத மாணவரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ பெறலாயிற்று. தனியார் நிறுவனங்களின் கட்டணமோ மிகப் பெரிது. அவற்றுள் சில படிப்புகள் பெரும்பகுதி இணையவழியே நடைபெறுவதுண்டு. கல்வி விசா நேரிற் சென்று பயில்வதற்கே உரியது. ஆதலின் சேருமுன் படிப்பின் முறையைத் தெளிவாக அறிந்துகொள்ளல் வேண்டும்.

கட்டணம் இல்லையென்றாலும் செலவு இல்லையென்று ஆகாது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்தம் கல்விச் சான்றுகளை ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு சரிபார்த்தல் கட்டாயமாயிற்று. அதற்குக் கட்டணம் உண்டு. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய தொகையை முடக்கக் கணக்கு எனப்படும் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே செலுத்திக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. அஃதாவது மாதத்திற்கு 992 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று கொண்டால்கூட அது ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் ஆகும். இத்தொகை கட்டணமன்று, மாணவருக்கே மாதந்தோறும் திரும்பக் கிடைப்பது. ஆயினும் அதனைத் திரட்டுவதற்கு நம் குடும்பங்கள் தாயின் நகையையும் தந்தையின் நிலத்தையும் நோக்குகின்றன. சிலர் வட்டிக்குக் கடன் பெறுகின்றனர். வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்களோ இருக்கும் ஒரே சொத்தை விற்றுவிடுகின்றன.

இங்கு ஓர் எளிய கணக்கைக் கூறுதல் தகும். ஈராண்டு முதுநிலைப் படிப்புக்கும் பதினெட்டு மாதப் பணிதேடலுக்கும் சேர்த்து மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. முதலாண்டுச் செலவை மட்டும் எண்ணிப் புறப்படுவோர் ஏனைய இரண்டரை ஆண்டுகளைப் பகுதிநேர வேலையின் வருவாயையே நம்பிக் கழிக்க நேரும். அங்ஙனம் நேரும்போது படிப்பும் மொழிப்பயிற்சியும் பின்தள்ளப்படும். பின்தள்ளப்பட்ட அவ்விரண்டே பணி பெறுதற்குரிய கருவிகள். எனவே முதலாண்டு மட்டுமன்றி, படிப்பு முடியும் வரையிலான செலவைக் கணக்கிட்ட பின்னரே பயணத்தை முடிவு செய்தல் அறிவுடைமையாகும்.

மொழி என்னும் முதல்

ஜெர்மனியில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் மிகுதியாக உள்ளன. ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் அறியாமலே சேர்ந்து, பயின்று, பட்டமும் பெற்றுவிடலாம். இதுவே பெரிய வசதி; இதுவே பெரிய கண்ணியும் ஆகும். வகுப்பறையின் மொழி ஆங்கிலம். பணியிடத்தின் மொழி ஜெர்மன். பட்டம் பெற்ற மறுநாள்தான் மாணவர் இவ்வுண்மையை எதிர்கொள்கின்றனர்.

உலகறிந்த பெருநிறுவனங்கள் சிலவற்றிலும் பெர்லின் போன்ற நகரங்களின் கணினித்துறையிலும் ஆங்கிலம் கொண்டு பணியாற்றலாம் என்பது உண்மை. ஆனால் அவ்விடங்களை நோக்கியே உலகெங்கிலுமிருந்து வந்தோர் போட்டியிடுகின்றனர். அந்நாட்டுத் தொழில்வளத்தின் முதுகெலும்பாக விளங்குவனவோ சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் அமைந்த நடுத்தர நிறுவனங்கள். இயந்திரப் பகுதிகள், அளவைக் கருவிகள், மருத்துவக் கருவிகள் போன்றவற்றைச் செய்து உலகச் சந்தைக்கு அனுப்பும் அந்நிறுவனங்களில் கூட்டம் நடப்பதும், குறிப்பு எழுதுவதும், உணவு மேசையில் உரையாடுவதும் ஜெர்மன் மொழியிலேயே. அங்கே போட்டி குறைவு. மொழி அறிந்தவர்க்கே இடம். மருத்துவர் போன்ற, அரசு உரிமம் பெறவேண்டிய தொழிலினர்க்கு மொழித்தேர்வு சட்டத்தாலேயே கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஐரோப்பிய மொழித்திறன் அளவையில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உள்ளன. பி1 என்பது அன்றாட வாழ்வைத் தனித்து நடத்தப் போதுமான நிலை. பி2 என்பது பணியிட உரையாடலில் தயக்கமின்றிக் கலந்துகொள்ளும் நிலை. புறப்படுமுன் இங்கேயே ஏ2 நிலையை எய்தி, அங்குச் சென்ற முதலாண்டில் பி1, இரண்டாமாண்டில் பி2 என்று வகுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற திட்டமாகும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று வழங்கும் கோத்தே நிறுவனம் இம்மொழியைக் கற்பித்துத் தேர்வும் நடத்துகிறது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவும் தம் மாணவர்க்கு மொழி வகுப்புகளை நடத்துகின்றன.

தமிழ் மாணவர்க்கு இம்மொழி எட்டாக் கனியன்று என்பதை இலக்கண நோக்கிலும் காட்டலாம். ஆங்கிலம் பெரிதும் இழந்துவிட்ட வேற்றுமைப் பாகுபாட்டை ஜெர்மன் இன்றும் போற்றுகிறது. தமிழில் வேற்றுமை எட்டு, அங்கே நான்கு. சார்பு வாக்கியங்களில் வினைச்சொல் இறுதியில் நிற்பது தமிழில் பயனிலை இறுதியில் நிற்பதை ஒத்தது. சொல்லோடு சொல் சேர்ந்து நெடிய தொகைச்சொல் ஆவது நமக்குப் பழகிய நெறியே. இடர் தருவது பாற்பாகுபாடு ஒன்றே. தமிழில் பால் பொருளை நோக்கியது. அங்கே பால் சொல்லை நோக்கியது. மேசை ஆண்பாலாகவும் கதவு பெண்பாலாகவும் சிறுமியைக் குறிக்கும் சொல் அஃறிணைபோல் நடுப்பாலாகவும் வழங்கும். இதனைச் சொல்லோடு சேர்த்தே மனனம் செய்தல் வேண்டும். தம் மொழியின் இலக்கணத்தை நன்கு அறிந்தவர் பிறமொழி இலக்கணத்தை விரைந்து பற்றுவர் என்பது மொழியாசிரியர் அனைவரும் அறிந்த உண்மை. தமிழ் வகுப்பை மதிப்பெண்ணுக்குரியதாக மட்டும் கருதும் மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு உண்டு. 1706ஆம் ஆண்டு டென்மார்க் அரசரால் அனுப்பப்பெற்றுத் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், தம் பணிக்கு முதற்கருவியாகத் தமிழையே கொண்டார். திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பயின்றார். பத்தாண்டுக்குள், 1716இல், அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. 1856இல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அங்கிருந்து இங்கு வந்தவர் நம் மொழியைக் கற்ற பின்னரே தம் பணியில் நிலைபெற்றனர். இங்கிருந்து அங்குச் செல்வோர்க்கும் அதுவே நெறி.

பயிலும்போதே பணி

பணி தேடல் பட்டம் பெற்றபின் தொடங்குவதன்று. பயிலத் தொடங்கிய நாளிலேயே தொடங்குவது. 2024 மார்ச்சு முதல் அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் பணியாற்ற அந்நாட்டுச் சட்டம் இடந்தருகிறது. இந்நாள்களை எவ்வகைப் பணியில் செலவிடுவது என்பதே எதிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது.

நம் கல்லூரியில் பயின்று அங்குச் சென்ற மாணவர் இருவர் நம்மிடம் கூறியவற்றை ஈண்டு ஒப்பிட்டுக் காட்டலாம். இருவரும் கணினி அறிவியல் பயின்றவர். இருவரும் நடுத்தரக் குடும்பத்தினர். முதலாமவர் மதிப்பெண்ணில் முந்தியவர். சென்ற முதல் மாதத்திலேயே பொருள் சேமிப்புக் கிடங்கொன்றில் மாலைநேர வேலையில் சேர்ந்தார். வாடகைக்குப் பணம் வந்தது. வீட்டுக்கும் சிறிது அனுப்பினார். மொழி வகுப்பை அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு பருவமும் ஒத்திவைத்தார். பட்டமும் நல்ல தரத்துடன் பெற்றார். பின்னர் விண்ணப்பம் பல அனுப்பினார். சில நேர்காணல்களுக்கு அழைப்பும் வந்தது. ஒரு நேர்காணலில் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிய அலுவலர் பின்னர் ஜெர்மனுக்கு மாறினார். இவர் வாய்திறக்க இயலவில்லை. அன்று இரவுதான் மொழிநூலை வாங்கினார். அப்பொழுது பதினெட்டு மாதங்களுள் ஒன்பது கழிந்திருந்தன. காலம் முடிந்தது, நாடு திரும்பினார். இன்று சென்னையில் ஒரு நிறுவனத்தில் பணியாற்றி, குடும்பம் பட்ட கடனை அடைத்து வருகிறார்.

மற்றவர் புறப்படுமுன் ஓராண்டு இங்கேயே தங்கி மொழி பயின்றார். அவ்வோராண்டைச் சுற்றத்தார் வீணென்று ஏசினர். அங்கே முதலாண்டில் பல்கலைக்கழக மொழி வகுப்பைத் தொடர்ந்தார். இரண்டாம் பருவ முடிவில் அளவைக் கருவி செய்யும் ஒரு சிறுநகர நிறுவனத்தில், வெர்க்ஷ்டுடென்ட் எனப்படும் மாணவப் பணியாளராக, வாரம் இருபது மணிநேர வேலையைப் பெற்றார். தம் ஆய்வேட்டையும் அந்நிறுவனத்திலேயே செய்தார். ஆய்வேடு முடிவதற்குள் பணி ஆணை வந்தது. பதினெட்டு மாதக் காலம் அவருக்குத் தேவைப்படவே இல்லை.

கிடங்கு வேலை இழிந்ததன்று. உழைத்து உண்பது பெருமையே. ஆனால் அவ்வேலையில் கழிந்த மணிகள் வாடகையை மட்டுமே தந்தன. மாணவப் பணியாளராய்க் கழிந்த மணிகள் வாடகையையும் தந்து, மொழியையும் தந்து, சான்று கூறுவாரையும் தந்தன. அந்நாட்டு நிறுவனத்தார் மதிப்பெண் பட்டியலைக் காட்டிலும், தம் கண்முன் பணிசெய்து காட்டியவரையே பெரிதும் நம்புகின்றனர். படிப்புக்கால உள்ளகப் பயிற்சி, மாணவப் பணி, நிறுவனத்தில் செய்யும் ஆய்வேடு ஆகிய மூன்றும் நிலையான பணிக்கு ஏறும் படிகளாகும்.

விண்ணப்பமும் சான்றிதழ் மொழியும்

அந்நாட்டில் பணி வேண்டி விண்ணப்பிப்பதற்கும் மரபுகள் உண்டு. தன்விவரக் குறிப்பு ஒன்றிரண்டு பக்கத்துள், அண்மை நிகழ்ச்சி முதலாகப் பின்னோக்கிச் செல்லும் வரிசையில், இடையில் ஆண்டுகள் விடுபடாமல் அமைதல் வேண்டும். விடுபட்ட மாதங்களுக்கு விளக்கம் கேட்பர். அதனோடு இணைக்கும் மடல் எல்லா நிறுவனத்திற்கும் ஒன்றாக அமையலாகாது. இந்நிறுவனத்தில் இப்பணியை யான் ஏன் வேண்டுகிறேன் என்பதற்கு விடையாக அமைதல் வேண்டும். ஒரே மடலை நூறு இடங்களுக்கு அனுப்புவதைக் காட்டிலும் பத்து இடங்களை ஆராய்ந்து பத்து மடல் எழுதுவது பயன்தரும். பணியிடங்களை அறியப் பல்கலைக்கழகப் பணி வழிகாட்டு மையங்களும், நூரன்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கூட்டாட்சி வேலைவாய்ப்பு அமைப்பும் உள்ளன. இவை இருக்க, பணி வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் இடைத்தரகரை நாடுதல் தேவையற்றது; தீங்கும் ஆகும்.

மொழிமாணவர் வியக்கத்தக்க ஒரு செய்தியை இங்குக் குறிப்பிடலாம். ஒரு நிறுவனத்திலிருந்து விலகும் பணியாளர் தம் பணியைப் பற்றிய எழுத்துச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் அந்நாட்டில் சட்டம் தந்துள்ள உரிமை. அச்சான்றிதழ் ஒருவரின் வாழ்வைக் கெடுக்கும் வகையில் அமையலாகாது என்பதால், குறைகளையும் இன்சொல்லாலேயே எழுதுவர். 'எப்பொழுதும் எமக்கு மிக முழுமையான மனநிறைவு அளித்தார்' என்றால் முதல்தரம். 'எப்பொழுதும் முழு மனநிறைவு அளித்தார்' என்றால் நன்று. 'முழு மனநிறைவு அளித்தார்' என்றால் நடுத்தரம். 'மனநிறைவு அளித்தார்' என்ற அளவில் நின்றால் கடைநிலைத் தேர்ச்சி. 'முயன்றார்' என்று எழுதினால் முயன்றும் முடிக்கவில்லை என்பது பொருள். நன்னூலார் சொற்பொருளை வெளிப்படை, குறிப்பு என்று பகுத்துக் காட்டினார். இச்சான்றிதழ் முழுதும் குறிப்புமொழியால் ஆனது. இதனை அறியாத நம் மாணவர் கடைநிலைச் சான்றைப் பாராட்டென்று மகிழ்ந்து அடுத்த நிறுவனத்தில் காட்டிவிடுவர். ஆதலின் சான்றிதழைப் பெற்றவுடன் விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டிப் பொருள் தெளிந்து, தேவையாயின் திருத்தம் கேட்டல் வேண்டும்.

பணி ஆணை கிடைத்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தொடக்கத்தில் ஆறு மாதம் வரை தகுதிகாண் பருவம் அமைவது பெருவழக்கு. அப்பருவத்தில் இரண்டு வார முன்னறிவிப்புடன் இருதரப்பினரும் விலகிக்கொள்ளலாம். எனவே முதல் ஊதியம் வந்தவுடன் பெருங்கடன் பட்டு வீடு கட்டத் தொடங்குதல் தகாது.

பெரியோர் கடமை

இதுவரை கூறியவை மாணவர்க்கு உரியன. சமுதாயப் பெரியோர்க்கும் கல்வி நிறுவனங்களுக்கும் சில கடமைகள் உள்ளன.

முதலாவது, நம் கல்லூரிகளில் ஜெர்மன் மொழிக்குச் சான்றிதழ் வகுப்பு தொடங்குதல். மாலையில் இரண்டு மணிநேரம் ஒதுக்கினால் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடிவதற்குள் மாணவர் ஏ2 நிலையை எளிதில் எய்துவர். இதற்காகும் செலவு, ஒரு மாணவர் அயல்நாட்டில் ஓராண்டை வீணாக்குவதால் விளையும் இழப்பைக் காட்டிலும் சிறிது.

இரண்டாவது, வட்டியில்லாத அழகிய கடன். ஊர் ஜமாஅத்தும் வெளிநாடு சென்று நிலைபெற்றோரும் இணைந்து ஒரு நிதியை அமைத்து, தகுதியுடைய மாணவர்க்கு முடக்கக் கணக்குத் தொகையை வழங்கலாம். அத்தொகை மாணவரின் பெயரிலேயே இருந்து அவர் செலவுக்கே பயன்படுவது. அவர் பணி பெற்றபின் தவணையில் திருப்பித் தருவது. பணி கிடைக்காது திரும்புவோர்க்குத் தவணைக்காலத்தை நீட்டித்தருதல் அக்கடனின் அழகை மிகுவிக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் இன்றியமையாதது. பணி கிடைக்காமல் திரும்பி வருவோரைத் தோற்றவராகக் கருதலாகாது. வீட்டாரின் முகத்தில் விழிக்க அஞ்சி, பதினெட்டு மாதங்களின் இறுதியில் உண்ணாமலும் உறங்காமலும் தனியறையில் கலங்கும் பிள்ளைகள் உள்ளனர். தகாத தரகரையும் சட்டத்திற்குப் புறம்பான வழிகளையும் அவர்கள் நாடுவது இவ்வச்சத்தினாலேயே. 'கிடைத்தால் நன்று, கிடைக்காவிடினும் கற்ற கல்வி நம்முடையது, நம் வீட்டு வாசல் திறந்தே இருக்கும்' என்று புறப்படும் நாளிலேயே பெற்றோர் சொல்லி அனுப்புதல் வேண்டும். இவ்வொரு சொல் முடக்கக் கணக்கில் இட்ட பணத்தினும் மேலான பாதுகாப்பாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. கல்வி விசா பணிக்கு உறுதியன்று. பட்டம் பெற்றபின் ஜெர்மன் சட்டம் தருவது பதினெட்டு மாதக் காலம் மட்டுமே.

2. அக்காலத்தைப் பணியாக மாற்றும் முதற்கருவி மொழி. அதனை இங்கிருந்தே கற்கத் தொடங்குதல் வேண்டும்.

3. பயிலும் காலத்தில் துறை சார்ந்த மாணவப் பணியைத் தேர்ந்து செய்தவர்க்கே நிலையான பணி எளிதாகின்றது.

4. செலவை முதலாண்டுக்கு மட்டுமன்றி முழுக்காலத்திற்கும் கணக்கிட்டுப் புறப்படல் வேண்டும்.

5. மொழி வகுப்பு, அழகிய கடன், திரும்புவோரை வரவேற்கும் மனம் ஆகிய மூன்றும் சமுதாயம் தரவேண்டிய வழித்துணையாகும்.

பொருள் தேடிப் பிரிதலை நம் இலக்கண நூலோர் குற்றமாகக் கூறவில்லை. எல்லையறியாது பிரிதலையே விலக்கினர். எல்லையை அறிந்து, மொழியைக் கற்று, கணக்கைத் தெளிந்து செல்லும் மாணவர் அங்குப் பணிபெற்றுச் சிறப்பினும், மீண்டு வந்து இங்குச் சிறப்பினும், அவர்தம் பயணம் பயனுடைய பயணமேயாகும்.